வக்ஃபு வழக்கும் நம் நன்றிக்கடனும்

 



2025-ம் ஆண்டு நம்மில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்த ஆண்டு. ஏப்ரல் மாதம் பாராளுமன்றத்தில் வக்ஃபு திருத்தச் சட்டம் நிறைவேறியது. லோக்சபாவில் 288 பேர் ஆதரித்தார்கள். 232 பேர் எதிர்த்தார்கள். ராஜ்யசபாவில் 128 பேர் ஆதரவு, 95 பேர் எதிர்ப்பு. ஏப்ரல் 5-ல் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. 8-ம் தேதி சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. செங்கல்பட்டிலும், கோவளத்திலும், மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊர்களிலும் வாழும் நம் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம் பள்ளிவாசல் நிலம் என்ன ஆகும்? நம் பாட்டன்மார் உறங்கும் கபரஸ்தான் என்ன ஆகும்?"

அந்தக் கேள்வியை ஏந்திக்கொண்டு டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டின் வாசலில் போய் நின்றவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறோம். துன்பம் வரும்போது துஆ கேட்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துன்பம் சற்றே தணிந்ததும் நன்றி சொல்லத்தான் மறந்துவிடுகிறோம். கப்பலில் ஏறிப் புயலில் சிக்கியபோது அல்லாஹ்வை அழைத்தவர்கள், கரை ஏறியதும் அவனை மறந்த கதையைத் திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் எடுத்துச் சொல்கிறது. கடலோரத்தில் வாழும் நமக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். தெரியாததற்கு நன்றி சொல்ல முடியாதல்லவா?

வக்ஃபு என்றால் ஒரு பொருளை அல்லாஹ்வுக்காக நிறுத்திவைப்பது. உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நல்ல நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து அவர்களிடம் இருந்ததில்லை. என்ன செய்யலாம் என்று நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்து கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று வழி காட்டினார்கள் நாயகம் (ஸல்). அன்று முதல் அந்த நிலம் விற்கப்படவில்லை; யாருக்கும் நன்கொடையாகவும் போகவில்லை; வாரிசுகளுக்குப் பங்கும் ஆகவில்லை. ஏழைகளும் வழிப்போக்கர்களும் அதன் பலனை உண்டார்கள். நம் ஊர்களில் உள்ள ஒவ்வொரு பள்ளிவாசல் மானியமும், ஒவ்வொரு கபரஸ்தானும், பேஷ் இமாமுக்கும் மோதினாருக்கும் என்று விடப்பட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் அந்தக் கைபர் நிலத்தின் வழித்தோன்றல்களே.

இவற்றில் பலவற்றுக்கு எழுத்துப் பத்திரம் உண்டு, பலவற்றுக்கு இல்லை. பல தலைமுறைகளாகத் தொழுது வந்ததாலும், மய்யித்துகளை அடக்கம் செய்து வந்ததாலுமே வக்ஃபு ஆனவை அவை. பயன்பாட்டினால் ஏற்பட்ட வக்ஃபு என்று சட்டத்தில் இதற்குப் பெயர். புதிய சட்டம் இந்த வகையை இனிமேலைக்கு நீக்கிவிட்டது. ஏற்கெனவே பதிவானவை நீடிக்கும் என்றது. ஆனால் தாவா உள்ளவையும், அரசாங்க நிலம் என்று சொல்லப்படுபவையும் அந்தப் பாதுகாப்பில் சேரா என்றும் சேர்த்து எழுதியது. ஒரு நிலம் அரசாங்கத்தினுடையதா வக்ஃபா என்று தகராறு வந்தால், கலெக்டருக்கு மேல்நிலையில் உள்ள ஓர் அரசு அதிகாரி விசாரித்துச் சொல்வார். அவர் விசாரணை முடியும்வரை அது வக்ஃபாகவே கருதப்படாது என்றது. வக்ஃபு செய்பவர் ஐந்தாண்டுகளாவது இஸ்லாத்தைப் பின்பற்றி வருவதைக் காட்ட வேண்டும் என்றது. வக்ஃபு போர்டுகளிலும் மத்தியக் கவுன்சிலிலும் முஸ்லிமல்லாத உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்றது.

நம் செங்கல்பட்டுச் சீமையில் இதன் கனம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு இந்தக் கரையோரத்தில் ஒரு சென்ட் நிலத்தின் மதிப்பு எங்கே போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சவுக்குத் தோப்புக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடந்த நிலத்தை ஒரு காலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்று அதே நிலத்தின் மீது பல கண்கள். பத்திரமில்லாத பழைய கபரஸ்தானுக்கு வேலி எது? முன்னோரின் கபுறுகளும், ஊராரின் ஞாபகமுமே வேலி.

இந்த மாவட்டத்தின் பழைய வரலாற்றையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. 1763-ல் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த பகுதி இது. கோவளத்துக்கு நவாபுகளின் காலத்தில் சஆதத் பந்தர் என்றொரு பெயர் வழங்கிற்று. அங்கிருந்த கோட்டையை 1752-ல் கிளைவ் பிடித்தார். பிறகு அது தகர்க்கப்பட்டது. கோட்டை போய்விட்டது, தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் நம்பி வருகிற தர்கா அதே கரையில் இன்றும் இருக்கிறது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மாற்றுச் சமயச் சகோதரர்களும் அங்கே வருகிறார்கள். நவாபுகள் விட்ட மானியங்கள் என்னவென்று கும்பினி போன பிறகு வெள்ளை அரசாங்கமே கணக்கெடுத்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் ஏற்பட்டது. அந்தக் கமிஷன் எழுதிய இனாம் பதிவேடுதான் கோயில் ஆனாலும் பள்ளிவாசல் ஆனாலும் இன்றளவும் கோர்ட்டில் பெரிய சாட்சி. இதைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்லப் போகிறோம்.

வழக்குக்கு வருவோம். தமிழ்நாடு சட்டமன்றம் 2025 மார்ச் 27-லேயே இந்த மசோதா வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. சட்டம் வந்தபின் எழுபதுக்கும் மேற்பட்ட மனுக்கள் சுப்ரீம் கோர்ட்டில் குவிந்தன. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த், அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம், முஸ்லிம் லீக், ஹைதராபாத்தின் அஸதுத்தீன் உவைஸி, நம் மாநிலத்திலிருந்து தி.மு.க. சார்பில் ஆ. ராசா என்று பலர். ஐந்து மனுக்களை மட்டும் முதன்மையாக வைத்துக்கொண்டு கோர்ட் விசாரித்தது. கபில் சிபல், அபிஷேக் சிங்வி, ராஜீவ் தவன், ஹுஸைஃபா அஹ்மதி போன்ற மூத்த வக்கீல்கள் நம் பக்கம் நின்று வாதாடினார்கள். 14, 15-ம் நூற்றாண்டுகளில் கட்டிய பள்ளிவாசல்களுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும் என்று அன்றைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா அவர்களே ஏப்ரல் 16-ல் அரசாங்கத் தரப்பைக் கேட்டார்கள். மறுநாள், ஏற்கெனவே உள்ள வக்ஃபுகளின் நிலையை மாற்றமாட்டோம், புதிய உறுப்பினர்களை நியமிக்கமாட்டோம் என்று மத்திய அரசு வாக்களித்தது. மே 20 முதல் 22 வரை மூன்று நாட்கள் வாதம். செப்டம்பர் 15-ல் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி ஏ.ஜி. மஸீஹ் ஆகியோர் இடைக்கால உத்தரவு தந்தார்கள்.

அந்த உத்தரவில் கிடைத்தது என்ன? ஐந்தாண்டு நிபந்தனை, அதை நிர்ணயிக்கும் விதிகள் வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. சொத்து யாருடையது என்பதை நிர்வாக அதிகாரி தீர்மானிக்க முடியாது, அது நீதி வழங்கும் மன்றத்தின் வேலை என்று கோர்ட் சொல்லிற்று. தீர்ப்பாயம் முடிவு செய்யும்வரை வக்ஃபின் கையிலிருந்து நிலத்தைப் பறிக்கவோ ரெவின்யூ பதிவேட்டைத் திருத்தவோ கூடாது. அதுபோல அந்த நிலத்தில் பிறருக்கு உரிமை ஏற்படுத்தவும் கூடாது. முஸ்லிமல்லாத உறுப்பினர்கள் மத்தியக் கவுன்சிலில் 22 பேரில் 4 பேருக்கு மேலும், மாநில போர்டில் 11 பேரில் 3 பேருக்கு மேலும் இருக்கக்கூடாது.

கிடைக்காதது என்ன? சட்டம் முழுவதையும் நிறுத்தவில்லை. பயன்பாட்டு வக்ஃபு நீக்கப்பட்டதற்குத் தடை இல்லை. கட்டாயப் பதிவுக்கும் தடை இல்லை. மத்திய அரசு ஏற்படுத்திய 'உமீத்' என்னும் இணையதளத்தில் வக்ஃபுகளின் விவரங்களை ஏற்ற 2025 டிசம்பர் 6 கடைசி நாள். கெடுவைப் பொதுவாக நீட்டச் சொல்லிக் கேட்டபோது, டிசம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகட்டும் என்றது. ஆண்டு முடிகிறபோது பிரதான வழக்கு முடிந்திருக்கவில்லை.

இங்கேதான் நம்மில் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "பாதிதானே கிடைத்தது! இதற்கு எதற்கு ஷுக்ரு?" என்கிறார்கள். சகோதரர்களே, ஒரு பேரீச்சம்பழத் துண்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லக் கற்றுக்கொடுத்த மார்க்கம் நம்முடையது. குறைந்ததற்கு நன்றி செலுத்தாதவன் நிறைந்ததற்கும் நன்றி செலுத்தமாட்டான் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாகமாட்டான் என்ற கருத்தும் அபூதாவூத், திர்மிதீ போன்ற நூல்களில் உள்ளதே. நன்றி செலுத்தினால் அதிகப்படுத்துவேன் என்று ரப்புல் ஆலமீன் சூரத்து இப்ராஹீமில் வாக்களிக்கிறான். அதிகம் வேண்டுமா? அதற்கு வாசல் ஷுக்ருதான்.

"அவர்கள் முஸ்லிம்கள் இல்லையே, கூலிக்காகத்தானே வாதாடினார்கள்?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் நம்மை அதிகம் வருத்துகிறது. நம் நாயகத்தின் (ஸல்) வாழ்க்கையைப் படித்தவர் வாயிலிருந்து இது வரலாமா?

ஹிஜ்ரத் பயணத்தில் வழிகாட்டியாக வந்தவர் யார்? அப்துல்லாஹ் இப்னு உரைகித். அப்போது அவர் முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். கூலி பேசித்தான் அவரை அமர்த்தினார்கள். நாயகத்தின் (ஸல்) தலைக்கு நூறு ஒட்டகம் பரிசு என்று மக்கா முழுவதும் அறிவிப்பு இருந்த நேரம். அவர் காட்டிக்கொடுத்திருந்தால் அந்த நூறும் அவருக்கே. அவரோ பேசிய கூலிக்கு, சொன்ன நாளில், சொன்ன இடத்தில் ஒட்டகங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூலி வாங்கியவனின் நாணயமும் நன்றிக்கு உரியதே.

முத்இம் இப்னு அதீயின் வரலாற்றைப் பாருங்கள். தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நாயகம் (ஸல்) மக்காவுக்குள் நுழைய வழியில்லை. இரண்டு தலைவர்களிடம் பாதுகாப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்கள், அவர்கள் கைவிரித்தார்கள். முத்இம் சம்மதித்தார். தம் மக்களுக்கு ஆயுதம் தரித்துக் கஃபாவின் பக்கத்தில் நிறுத்தி, நாயகத்தை (ஸல்) பத்திரமாக உள்ளே கொண்டுவந்தார். அதற்கு முன்பே, பனூஹாஷிம் குடும்பத்தாரை ஊர்விலக்கம் செய்து எழுதி, கஃபாவில் தொங்கவிட்ட பத்திரத்தைக் கிழிக்க முன்வந்த ஐவரிலும் அவர் ஒருவர். ஹிஷாம் இப்னு அம்ர் இரவோடிரவாக ஒவ்வொருவர் வீடாகப் போய், "உன் தாய்மாமன்மார் பசியால் வாடும்போது நீ வயிறார உண்கிறாயா?" என்ற விதமாகப் பேசி ஆள் சேர்த்தார். அதுவும் ஒரு வழக்காடல்தானே! முத்இம் ஈமான் கொள்ளாமலேயே இறந்தார். நாயகம் (ஸல்) மறந்தார்களா? பத்ருப் போரில் எழுபது பேர் கைதானபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்கள் அனைவரையும் விட்டிருப்பேன் என்ற கருத்துப்படக் கூறினார்கள். புகாரியில் வருகிற செய்தி இது. அவர் மறைவுக்கு இரங்கற்பா பாடியவர் யார் தெரியுமா? நாயகத்தின் (ஸல்) கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி). அந்த ஐவரில் மற்றொருவரான அபுல் பக்தரீயைப் பத்ருக் களத்தில் கொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே உத்தரவு இருந்தது. அவர் எதிரிப் படையில் நின்றவர் என்பதைக் கவனியுங்கள்.

இந்த நாயகத்தின் (ஸல்) உம்மத்து, தனக்காக டெல்லியில் கால்கடுக்க நின்றவர்களின் பெயரைக்கூட நினைவில் வைக்காமல் போகலாமா?

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டத்தை எதிர்த்து மனுப் போட்டவர்களில் குருகிராமைச் சேர்ந்த ஒரு சீக்கியரும் உண்டு. முஸ்லிமல்லாதவர் வக்ஃபுக்குச் சொத்துக் கொடுக்க முன்பு சட்டத்தில் இடமிருந்தது. புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. கொடுக்கும் உரிமை பறிபோகிறதே என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். வாங்குகிறவன் வழக்காடுவதை உலகம் பார்த்திருக்கிறது. கொடுக்கிறவன் "என் கொடுக்கும் கையைக் கட்டாதே" என்று வழக்காடினால், அவருக்கு எந்தத் தராசில் நன்றியை நிறுப்பது?

நம் வக்கீல்கள் எந்த ஆயுதத்தைக் கொண்டு வாதாடினார்கள் என்பதையும் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 25, 26-ம் ஷரத்துகளைக் கொண்டு. மதத்தைப் பின்பற்றவும், மத விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், அதற்கான சொத்து வைத்துக்கொள்ளவும் அவை உரிமை தருகின்றன. அந்த ஷரத்துகளின் பொருளை முதன்முதலில் விரிவாகச் சொன்ன பெரிய தீர்ப்பு எது? 1954-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கூடி வழங்கிய ஷிரூர் மடம் தீர்ப்பு. வழக்கின் ஊற்றுக்கண் நம் பழைய சென்னை ராஜ்யம். உடுப்பியைச் சேர்ந்த அந்த மடத்தின் சுவாமிகள், 1951-ம் ஆண்டு சென்னை ராஜ்யத்து இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார்கள். ஒரு மதத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அந்த மதத்தின் கொள்கையிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீதிபதி முகர்ஜியா எழுதினார். அதே ஆண்டில் பம்பாயிலிருந்து ஜைனர்களும் பார்சிகளும் தங்கள் தர்மச் சொத்துக்களுக்காக வாதாடி வாங்கிய தீர்ப்பு இன்னொன்று. ஒரு இந்து மடாதிபதி தம் மடத்துக்காக நட்ட மரம். எழுபது வருடம் கழித்து அதன் நிழலில் முஸ்லிம் சமுதாயம் ஒதுங்குகிறது. நாளைக்கு வேறொரு சமயத்தார் நம் வழக்கின் நிழலில் ஒதுங்கலாம். அப்படி ஒதுங்கினால் நாம் மகிழ வேண்டும்.

கோர்ட்டுக்குப் போவதே ஈமானுக்கு இழுக்கு, அல்லாஹ்விடம் விட்டுவிட வேண்டியதுதானே என்று பேசுகிறவர்களையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கிறோம். அபிசீனியாவில் ஜஃபர் (ரலி) என்ன செய்தார்கள்? மக்காவிலிருந்து அம்ர் இப்னுல் ஆஸும் இன்னொருவரும் உயர்ந்த தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்து, அரசவையாருக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்து, அகதிகளைப் பிடித்துத் தரும்படி கேட்டார்கள். நஜ்ஜாஷி மன்னர் என்ன சொன்னார்? அவர்கள் பேச்சையும் கேட்காமல் ஒப்படைக்கமாட்டேன் என்றார். நீதியின் முதல் எழுத்தே அதுதான். ஜஃபர் (ரலி) எழுந்து நின்று வாதாடினார்கள். சூரத்து மர்யமை ஓதிக் காட்டினார்கள். மறுநாள் ஈஸா நபியைப் பற்றிய கேள்வியைக் கிளப்பிச் சிக்கவைக்கப் பார்த்தார் அம்ர். வருவது வரட்டும், உண்மையையே சொல்வோம் என்று ஸஹாபாக்கள் தீர்மானித்தார்கள். காணிக்கைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

இதை நமக்குச் சொன்னவர் அங்கே அகதியாக இருந்த உம்முஸலமா (ரலி) அன்னை அவர்கள். அவர்கள் சொல்லும் பிற்பகுதியை நம் மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. பிறகு ஒருவன் நஜ்ஜாஷியின் ஆட்சியைப் பறிக்கப் படை திரட்டினான். முஹாஜிர்கள் தம் வாழ்வில் அதற்குமுன் அனுபவித்திராத கவலை கொண்டார்கள். மன்னரின் வெற்றிக்காக அழுது துஆ செய்தார்கள். நைல் நதிக்கு அப்பால் போர். செய்தி கொண்டுவர யார் போவது? அவர்களில் மிக இளையவரான ஸுபைர் (ரலி) ஊதிய தோல் துருத்தியை மார்பில் கட்டிக்கொண்டு நதியை நீந்திக் கடந்தார்கள். மன்னர் வென்றார் என்று துணியை வீசிக் காட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள். நன்றி என்றால் அது! நமக்கு நியாயம் கிடைத்த நாட்டின் நலத்துக்காக நம் கண் ஈரமாக வேண்டும்.

பொறுமைக்கும் ஒரு பக்கம் உண்டு. 1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பத்தாருக்குப் பலன் சேரும்படி எழுதிய வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே கல்கத்தா ஹைகோர்ட்டில் இருந்த நீதிபதி அமீர் அலி, உடன் அமர்ந்தவர்களோடு மாறுபட்டு, அத்தகைய வக்ஃபு ஷரீஅத்தில் உண்டு என்று எழுதியிருந்தார்கள். மௌலானா ஷிப்லி நுஃமானி ஊர் ஊராக ஆதரவு திரட்டினார்கள். 1911-ல் ஜின்னா மசோதா கொண்டுவந்தார், 1913-ல் சட்டமாயிற்று. பத்தொன்பது வருடம்! நாமோ ஒரு வருடத்திலேயே களைத்துப் பெருமூச்சு விடுகிறோம்.

சரி, ஷுக்ரு செய்வது எப்படி? மனதால் உணர்வதும் நாவால் சொல்வதும் எல்லோருக்கும் தெரியும். நற்செய்தி வந்தால் நாயகம் (ஸல்) ஸஜ்தாவில் விழுந்தார்கள், நாமும் செய்யலாம். ஆனால் வெற்றி ஊர்வலமும் வெடியும் வேண்டாம் என்பது நம் திட்டமான அபிப்பிராயம். இது பக்கத்து வீட்டாரை எதிர்த்து ஜெயித்த பந்தயம் அன்று. மூன்றாவது வகை ஷுக்ரு ஒன்று உண்டு. அதில்தான் நாம் பின்தங்கிவிட்டோம். தாவூது நபியின் குடும்பத்தாருக்கு அல்லாஹ் இட்ட கட்டளையைச் சூரத்து ஸபாவில் பாருங்கள். நன்றியைச் சொல்லும்படி அல்ல, நன்றியாகச் செயல்படும்படி கட்டளை வருகிறது.

வக்கீல் கோர்ட்டில் நிற்கலாம். அவர் கையில் கொடுக்கக் காகிதம் வேண்டாமா? நம் ஊர் நிலத்தின் காகிதம் டெல்லியில் இல்லை. நம் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. கசப்பான ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வக்ஃபு நிலங்களை வெளியார் மட்டும் விழுங்கவில்லை. குறைந்த வாடகைக்கு நீண்ட குத்தகை எழுதியவர்களும், கணக்குக் காட்டாத முத்தவல்லிகளும், வாடகை பாக்கியைப் பல வருடமாக நிறுத்தி வைத்துவிட்டு முதல் ஸஃப்பில் நிற்பவர்களும் நம்மவர்களே. சட்டம் வந்தபோது துடித்த நெஞ்சு, இதற்கு ஏன் துடிப்பதில்லை? வக்கீல் காப்பாற்றிக் கொடுத்த சொத்தை நாமே கரைத்தால் அது நன்றிகெட்டதனத்தின் உச்சம்.

உமர் (ரலி) அவர்களின் வக்ஃபுக்குத் திரும்புவோம். வாய்ச்சொல்லோடு விட்டார்களா? பிற்காலத்தில் அதை எழுத்தில் பதிய வைத்தார்கள். எழுதியவர் முஐகீப் (ரலி). சாட்சி அப்துல்லாஹ் இப்னுல் அர்கம் (ரலி). அந்த வாசகம் அபூதாவூதில் இன்றும் இருக்கிறது. அமீருல் மூமினீனுடைய சொல்லுக்கு மறுப்புச் சொல்ல அன்று யாரும் இல்லை. இருந்தும் எழுதினார்கள், சாட்சியும் வைத்தார்கள். பரிபாலனம் யார் கையில்? அவர்களின் மகளார், மூமின்களின் அன்னை ஹஃப்ஸா (ரலி) கையில்! அவர்கள் உயிரோடிருக்கும்வரை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு குடும்பத்தில் விவேகமுள்ளவர் என்று எழுதப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த அன்னை அவர்கள். திருக்குர்ஆனின் மூலப் பிரதியும் அவர்கள் பாதுகாப்பில்தான் இருந்தது.

ஆகவே தாய்மார்களே, இந்த வேலை உங்களுடையதும்தான். உங்கள் மாமனாரோ பாட்டனாரோ ஒரு காலத்தில் முத்தவல்லியாகவோ, ஜமாஅத் காரியதரிசியாகவோ, பேஷ் இமாமாகவோ இருந்திருக்கலாம். அவர்கள் காலமானபின் அந்தத் தகரப் பெட்டியை யாரும் திறந்திருக்கமாட்டார்கள். செல் அரிப்பதற்கு முன் திறந்து பாருங்கள். பழைய கிரயப் பத்திரம், தான சாசனம், கிஸ்தி கட்டிய ரசீது, கபுறு தோண்டக் கூலி எழுதிய கணக்குப் புத்தகம், நோன்புக் கஞ்சி வரவு செலவு நோட்டு எல்லாம் சாட்சிகளே. ஊர்விலக்கப் பத்திரத்தைக் கறையான் தின்றது நமக்கு நன்மையாயிற்று. நம் வக்ஃபுப் பத்திரத்தைக் கறையான் தின்றால் நன்மை யாருக்கு?

முத்தவல்லிமார்களும் ஜமாஅத்தாரும் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பட்டா, சிட்டா, அடங்கல், சர்வே வரைபடம் ஆகியவற்றின் நகல்களைத் தாலுகா ஆபீஸில் வாங்குங்கள். இனாம் பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நடந்த வக்ஃபு சர்வேயின் கெஜட் பட்டியலில் உங்கள் பள்ளியின் பெயர் இருக்கிறதா, நில அளவு சரிதானா என்று ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் வாய்மூடி இருக்காதீர்கள். வக்ஃபு போர்டுக்கு எழுதுங்கள். பதிவில் விடுபட்டிருந்தால் வக்கீலைப் பார்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கபரஸ்தானைச் சுற்றிக் கல் நடுங்கள். ஆனால் பக்கத்து நிலத்துக்காரரை அழைத்து, அவர் கண்முன் அளந்து நடுங்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் என்ன தண்டனை என்று நாயகம் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். பள்ளிவாசலின் பெயரால் எடுத்தாலும் அநியாயம் அநியாயமே.

துஆவில் யாரைச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றுச் சமயத்தவருக்கு உடல்நலமும், நீண்ட ஆயுளும், குடும்பத்தில் அமைதியும், நேர்வழியும் கேட்டு துஆ செய்வதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை துஆவில் நமக்காக வழக்காடியவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். வாய்ப்புள்ள ஜமாஅத்தார் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். கூடவே, செங்கல்பட்டு கோர்ட்டில் உங்கள் ஊர் வாடகை வழக்கையும் எல்லைத் தகராறையும் பல வருடமாகக் குறைந்த பீஸுக்கு நடத்தித் தரும் வக்கீல் யாராவது இருப்பார். பத்திரிகையில் அவர் பெயர் வருவதில்லை. அவருக்கும் ஒரு கடிதம் போகட்டும். பாக்கி பீஸ் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.